மெக்னீசியத்தின் மேல் ஒரு பொய்வழக்கு

பொறியியல் வகுப்பில் மெக்னீசியத்தை அறிமுகப்படுத்தும் ஆசிரியர்கள் சிலரிடம் ஒரு வித்தை உண்டு. விரல் தடிமனில் ஒரு கம்பியை வைஸில் கவ்விக்கொள்வார்கள். சுத்தியலால் பக்கவாட்டில் ஓங்கி ஒரு போடு. கம்பி வளைவதுபோல் போக்குக் காட்டி, படக்கென்று ஒடிந்து விழும். "பார்த்தீர்களா? லேசுதான், ஆனால் அடி தாங்காது. அதனால்தான் இதை உருக்கி வார்க்கிறோம்" என்பார்கள். நானும் அப்படி ஒரு வகுப்பில் உட்கார்ந்து, அந்த வரியை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டவன்தான்.

அந்த வரி வகுப்பறையோடு நின்றிருந்தால் தொல்லையில்லை. வடிவமைப்பாளர் மேசைக்கும் கொள்முதல் அலுவலகத்துக்கும் அதுவே போய்ச் சேர்ந்துவிட்டது. எடை குறைக்க வேண்டும் என்று கூட்டம் போடுவார்கள். யாராவது மெக்னீசியம் என்றால், "டை காஸ்டிங்தானே, அதில் பலம் வராது" என்று இன்னொருவர் முடித்துவைப்பார். கொஞ்சம் படித்தவர் இருந்தால் வேறொன்று சொல்வார்: "பலம் வேண்டுமானால் கலவையை மாற்ற வேண்டும். இட்ரியம், நியோடிமியம் என்று எதையாவது சேர்த்தால்தான் உண்டு." இரண்டு பேச்சுக்கும் வேர் ஒன்றுதான். உலோகத்தின் பலம் அதன் ரசாயனத்தில் இருக்கிறது, நாம் செய்யும் வேலையில் இல்லை என்ற நம்பிக்கை. மெக்னீசியத்தைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை தவறு. இந்த உலோகத்தின் பலம் பெரும்பாலும் பட்டறையில்தான் தீர்மானமாகிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை முதலில் அப்படியே வைத்துவிடுகிறேன். மெக்னீசியத்தின் அணுக்கள் அறுகோண அடுக்காக அமைந்தவை. ஒரு வெற்றிலைக் கவுளியை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் தள்ளினால் இலைமேல் இலை சுலபமாக வழுக்கும். கவுளியைச் செங்குத்தாக அமுக்கினாலோ இலைகளின் விளிம்போடு சேர்த்து இழுத்தாலோ எதுவும் வழுக்காது, கிழியத்தான் செய்யும். அறைவெப்பத்தில் மெக்னீசியப் படிகத்தின் நிலை கிட்டத்தட்ட இதுதான். அடித்தள அடுக்கு வழுக்க, தூய ஒற்றைப் படிகத்தில் அரை மெகாபாஸ்கல் அளவே போதும். வேறு தளங்களில் வழுக்க வைப்பதற்குப் பல பத்து மடங்கு தேவை. ஒரு படிகமணி நாம் கேட்கிற எந்த வடிவத்துக்கும் இணங்க வேண்டுமானால் ஒன்றையொன்று சாராத ஐந்து வழுக்கல் வழிகள் அதற்கு வேண்டும். அடித்தள அடுக்கு தருவது இரண்டு. பற்றாக்குறையைச் சமாளிக்கப் படிகத்தின் ஒரு பகுதி தன் அமைப்பையே சுமார் 86 பாகை திருப்பிக்கொள்ளும். இதை இரட்டைப்படிகம் என்போம். அதுவும் ஒரு திசையில் இழுத்தால்தான் வரும், எதிர்த்திசையில் வராது. ஆகவே ஆசிரியரின் கம்பி ஒடிந்தது நிஜம். அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை, அந்தக் கம்பி எத்தனை டிகிரியில் இருந்தது என்ற இடத்தில் தொடங்குகிறது. சுமார் 225 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மெக்னீசியத்தில் மற்ற தளங்களும் வழிவிடத் தொடங்குகின்றன. 300-லிருந்து 400-க்குள் அது குணம் மாறின வேறொரு உலோகம். காய்ச்சாத பச்சை இரும்பை யாரும் பட்டடையில் வைத்து அடித்து, இரும்பு வேலைக்கு ஆகாது என்று தீர்ப்புச் சொல்வதில்லை. மெக்னீசியத்துக்கு மட்டும் அந்த அநியாயம் நடக்கிறது.

பல வருடங்களுக்கு முன், எஃகு பாகங்களை அடித்துத் தள்ளும் ஒரு ஃபோர்ஜிங் பட்டறையில் சில பில்லெட்டுகளைச் சோதித்துப் பார்க்கப் போயிருந்தேன். ஏஇசட்80 என்ற கலவை; சுமார் எட்டு சதம் அலுமினியம், அரை சதம் துத்தநாகம், மீதி மெக்னீசியம். உலை 380 டிகிரியில் இருந்தது. மேஸ்திரி முப்பது வருட அனுபவஸ்தர். உலைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இன்னும் காயலையே சார். நிறமே ஏறலையே."

"இதுக்கு நிறம் ஏறாதுண்ணே. ஏறுற அளவுக்குக் காஞ்சா உருகிடும்."

அவர் நம்பவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கொல்லரின் வெப்பமானி கண். செம்பழுப்பு, ஆரஞ்சு, வெளிர்மஞ்சள் என்று நிறத்தைப் பார்த்தே பதம் சொல்வது தலைமுறை தலைமுறையாக வந்த வித்தை. உலோகம் கண்ணுக்குத் தெரியும்படி சிவக்க ஐந்நூறு டிகிரிக்கு மேல் வேண்டும். மெக்னீசியம் 650-இல் உருகிவிடும். ஏஇசட்80-க்கு இன்னொரு பொறியும் உண்டு. சரியாகச் சீராக்காத வார்ப்பு பில்லெட்டில், மணிகளின் எல்லையில் மெக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள் தேங்கிக் கிடக்கும். அது 437 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். ஆக, அடிக்க வேண்டிய பதத்தில் பில்லெட் பார்வைக்குப் பச்சையாகவே, வெள்ளி நிறத்திலேயே இருக்கிறது. கண்ணை நம்பினால் கெட்டோம். தெர்மோகப்பிளை நம்ப வேண்டும்.

முதல் பில்லெட்டை எஃகுக்குப் பழகிய சம்மட்டிப் பொறியில் வைத்தார்கள். டை சூடுபடுத்தப்படவில்லை. ஒரே அடி. பில்லெட் 45 பாகைச் சாய்வில், கத்தியால் அறுத்ததுபோல இரண்டாகச் சரிந்தது. சுற்றி நின்றவர்கள் முகத்தில் "நாங்கதான் அப்பவே சொன்னோமே" என்ற எழுத்து. மதியம் பக்கத்து ஷெட்டில் இருந்த ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு மாறினோம். டையை 300 டிகிரிக்குச் சூடேற்றி, கிராஃபைட் பூசி, பிரஸ்ஸை எறும்பு ஊர்கிற வேகத்தில் இறக்கினோம். அதே கட்டிலிருந்து எடுத்த அடுத்த பில்லெட் பாதி உயரத்துக்குப் படிந்தது. விளிம்பில் ஒரு கீறல் இல்லை. மேஸ்திரி அதைக் குறடால் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோதுமை மாவு மாதிரி இல்ல போகுது" என்றார்.

காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் ரசாயனம் மாறவில்லை. முக்கியமாக மாறியவை இரண்டு: டையின் சூடு, அழுத்தத்தின் வேகம். ஒரே கன அளவில் எஃகு பிடித்துவைக்கும் சூட்டில் ஏறக்குறைய பாதியைத்தான் மெக்னீசியம் பிடித்துவைக்கும். குளிர்ந்த டையில் பட்டால் தோல் நொடியில் ஆறிவிடுகிறது. உள்ளே பதம், வெளியே பச்சை. அதற்குமேல் சம்மட்டியின் வேகம். வேகமாக அடித்தால் உருமாற்றம் முழுக்கப் பரவ நேரமில்லாமல் ஒரு மெல்லிய பட்டையில் குவிகிறது. அந்தப் பட்டை மட்டும் சூடாகி, இளகி, அங்கேயே வழுக்கி அறுந்துபோகிறது. அந்த 45 பாகைச் சாய்வு அதன் கையெழுத்து.

இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1909-இல் பிராங்பர்ட் விமானக் கண்காட்சியில் 'எலெக்ட்ரான்' என்ற பெயரில் மெக்னீசியக் கலவையை ஜெர்மானியர்கள் காட்சிக்கு வைத்தார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்துக்குள் பிட்டர்ஃபெல்டில் லேசான உலோகங்களை அழுத்தி உருவாக்க 30,000 டன் பிரஸ் வைத்திருந்தார்கள். போர் முடிந்ததும் சோவியத் படை அதைக் கழற்றிக்கொண்டு போயிற்று. அதைப் பார்த்துப் பதறிய அமெரிக்க விமானப்படை 1950-களில் கிளீவ்லாந்திலும் கிராஃப்டனிலும் 50,000 டன் பிரஸ்களை நிறுவ வழிசெய்தது. அடி தாங்காது என்று நம் பாடநூல் சொல்லும் உலோகத்தை அடிப்பதை விட்டுவிட்டு, அமுக்கிப் பணியவைக்கலாம் என்று தெரிந்தவர்கள் எண்பது வருடத்துக்கு முன்பே இருந்தார்கள்.

சரி, உடையாமல் படிந்தது. அதனால் பலம் எப்படி வந்தது? இந்தக் கேள்வியை வார்ப்புக் கட்சிக்காரர்கள் கேட்பதே இல்லை. ஃபோர்ஜிங் என்பது வடிவம் கொடுக்கும் வேலை என்று நினைக்கிறார்கள். வடிவம் வெளியே தெரிகிற பாதி. மற்ற பாதியைப் பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டும்.

மெக்னீசிய மாதிரியைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதே ஒரு பொறுமைச் சோதனை. கடைசிக் கட்டத்தில் தண்ணீர் கூடாது, கறை பிடித்துவிடும். எத்தனாலில் தேய்த்து, பிக்ரிக் அமிலமும் அசெட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் சில நொடி முக்கி, ஆல்கஹாலில் அலசி, காற்றில் உலர்த்த வேண்டும். வார்த்த பில்லெட்டில் படிகமணிகள் நூறு, இருநூறு மைக்ரான் அளவில் தடித்துக் கிடக்கும். எல்லைகளில் அந்தக் கூட்டுப்பொருள் வலைபோலப் படர்ந்திருக்கும். கொஞ்சமாக அமுக்கிய மாதிரியில், பழைய பெரிய மணியின் எல்லை நெடுகப் புதிய மணிகள் பொடிப்பொடியாக முளைத்திருப்பது தெரியும். முத்துமாலை கோத்ததுபோல இருக்கும். இன்னும் அமுக்க அமுக்க மாலை தடித்து, பழைய மணிகளை விளிம்பிலிருந்து தின்றுகொண்டே போகும். நன்றாக அழுத்திய இடத்தில் பழைய மணி ஒன்றுகூட மிஞ்சாது. ஐந்து, பத்து மைக்ரானில் புதுமணிகள் மட்டும். அந்த வலையும் உடைந்து துணுக்குகளாகச் சிதறியிருக்கும். வார்ப்பில் தங்கிய நுண்துளைகள் அமுங்கி மூடியிருக்கும்.

அழுத்தும்போதே நடக்கும் மறுபடிகமாதல் இது. ஒவ்வொரு அழுத்தமும் மணிக்குள் குலைவை ஏற்றுகிறது. சூட்டில் அந்தக் குலைவு தாங்காமல், குலைவில்லாத புதிய மணி முளைக்கிறது. அலுமினியத்தில் குலைவுகள் சுலபமாகத் தங்களைத் தாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்வதால் இவ்வளவு தாராளமாக இது நடப்பதில்லை. வழிகள் குறைந்த மெக்னீசியத்தில் குலைவு சேர்ந்துகொண்டே போகிறது. அதனால்தான் மறுபிறப்பும் தாராளம். எந்தக் குறையைச் சொல்லி இந்த உலோகத்தைப் பட்டறையிலிருந்து விரட்டினார்களோ, அதே குறைதான் பட்டறையில் அதற்குக் கை கொடுக்கிறது.

மணி சிறுத்தால் பலம் கூடும் என்பது எல்லா உலோகத்துக்கும் பொருந்தும் விதி. ஹால், பெட்ச் என்ற இருவர் பெயரால் வழங்குகிறது. மணியின் விட்டம் நான்கில் ஒன்றாகக் குறைந்தால், மணி எல்லைகள் தரும் பலம் இரு மடங்காகும். ஆனால் ஒவ்வொரு உலோகத்துக்கும் அந்தப் பலனின் அளவு வேறு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணியை 100 மைக்ரானிலிருந்து 4 மைக்ரானுக்குக் கொண்டுவந்தால், அலுமினியத்தில் கிடைக்கிற கூடுதல் பலம் சுமாராக 25 முதல் 30 மெகாபாஸ்கல். மெக்னீசியத்தில் அது நூறைத் தாண்டும். மணிகளின் திசையொழுங்கைப் பொறுத்து இந்த எண் கூடும், குறையும். மூன்று நான்கு மடங்கு வித்தியாசம் மட்டும் மறையாது. காரணம் மறுபடியும் வெற்றிலைக் கவுளிதான். ஒரு மணியில் ஓடிவந்த வழுக்கல் பக்கத்து மணிக்குள் நுழைய, அங்கே தோதான வழி கிடைப்பது அரிது. ஒவ்வொரு எல்லையும் ஒரு மதில். மதில்களைப் பெருக்கிக்கொண்டே போவதுதான் ஃபோர்ஜிங்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பச்சையாக அடித்து இறுக்கினால் எந்த உலோகமும் பலத்தை வாங்கிக்கொண்டு நெகிழ்வை விட்டுக்கொடுக்கும். மணியைச் சிறுக்க வைத்தால் மெக்னீசியத்தில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே உயரும். பொடிமணிக்குள் இரட்டைப்படிகம் உருவாவது கடினம். எல்லைக்கு அருகே, வழக்கமாகத் திறக்காத தளங்களும் வழுக்கத் தொடங்குகின்றன. ஆசிரியரின் கம்பி அறைவெப்பத்தில் ஒடிந்ததில் தடித்த மணிக்கும் பெரிய பங்கு இருந்திருக்கும்.

இனி ரசாயனக் கட்சி. ஏஇசட்31 என்பது மிகச் சாதாரணக் கலவை. மூன்று சதம் அலுமினியம், ஒரு சதம் துத்தநாகம். அரிய தனிமம் ஒன்றும் இல்லை. ஜப்பானில் சக்காய், மியூரா ஆகியோரின் குழு இதே கலவையை எடுத்து, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் 90 பாகை திருப்பி, ஒவ்வொரு சுற்றிலும் வெப்பத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே அமுக்கியது. மணிகள் ஒரு மைக்ரானுக்கும் கீழே போயின. பலம், அதே கலவையின் வார்ப்பு கனவிலும் காணாத உயரத்துக்குச் சென்றது. சேர்த்த பொருள் எதுவும் இல்லை. மாற்றியது திசையையும் வெப்பத்தையும்தான்.

இட்ரியக் கலவைகளை மேற்கோள் காட்டுபவர்கள் ஜப்பானிய ஆய்வாளர் கவமுராவின் பெயரைக் கட்டாயம் சொல்வார்கள். 2001-இல் அவர் குழு, நூறு அணுவுக்கு ஒரு துத்தநாகமும் இரண்டு இட்ரியமும் சேர்ந்த மெக்னீசியத்தில் 610 மெகாபாஸ்கல் நெகிழ்வுத்தொடக்க வலிமையைக் காட்டியது உண்மை. ஆனால் எப்படிக் காட்டியது? உருகலை நொடியில் உறையவைத்துப் பொடியாக்கி, அந்தப் பொடியைச் சூட்டில் அழுத்திப் பிதுக்கி, மணியை 100, 200 நானோமீட்டரில் நிறுத்தியதால். அதே விகிதத்தைக் கலந்து சாதாரண அச்சில் வார்த்தால் அந்த 610 அருகில்கூட வராது. ரசாயனத்தின் வெற்றி என்று மேடையில் காட்டப்படும் பதக்கத்தில் பாதிக்கு மேல் வேலைமுறைக்குச் சேர வேண்டியது.

வார்ப்பிலேயே மணியைச் சிறிதாக்கலாமே என்றும் கேட்பார்கள். ஜெர்மனியில் சாவர்வால்ட் 1937-லேயே சிர்கோனியம் சேர்த்து அதைச் செய்தார். அருமையான வேலை. ஆனால் கலவையில் அலுமினியம் இருந்தால் சிர்கோனியம் அதோடு ஒட்டிக்கொண்டு, மணியைச் சிறுக்கவைக்கும் காரியத்துக்கு உதவாமல் போய்விடும். உலகம் அதிகம் புழங்கும் ஏஇசட் குடும்பத்துக்கு அந்தக் கதவு மூடியே கிடக்கிறது.

தரக் கையேடுகளில் உள்ள எண்களைப் பார்த்துவிடலாம். டை காஸ்டிங் செய்த ஏஇசட்91 சுமார் 230 மெகாபாஸ்கலில் அறும். அதற்குள் அது நீள்வது மூன்று சதம். காய்ச்சி அழுத்திப் பதப்படுத்திய ஏஇசட்80 சுமார் 345-இல் அறும். நீட்சி ஆறு சதமோ அதற்கு மேலோ. பட்டறைகளின் செல்லப்பிள்ளையான 6061 அலுமினியம் 310. மெக்னீசியத்தின் அடர்த்தி அலுமினியத்தின் மூன்றில் இரண்டு பங்கு என்பதை இதோடு சேருங்கள். ஒரு கிலோவுக்கு எவ்வளவு பலம் என்ற கணக்கில் வார்த்த மெக்னீசியம் 6061-ஐக் கொஞ்சம்தான் முந்துகிறது. ஃபோர்ஜிங் செய்த மெக்னீசியமோ ஒன்றரை மடங்குக்கு மேல் போகிறது. ஃபார்முலா 1 பந்தய விதிகள் பல ஆண்டுகளாகச் சக்கரத்துக்கு ஏஇசட்70, ஏஇசட்80 கலவைகளைக் குறிப்பிட்டு வந்தன. மணிக்கு முந்நூறு கிலோமீட்டரில் விளிம்புக்கல்லில் மோதும் சக்கரத்தை "அடி தாங்காத" உலோகத்தில் அடித்துத்தான் செய்கிறார்கள்.

என் தரப்பிலும் ஓட்டை உண்டு, மறைக்கப் போவதில்லை. ஒரே திசையில் அமுக்கிய மெக்னீசியத்தில் எல்லா மணிகளும் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்துவிடும். பிதுக்கிய கம்பியை நீளவாக்கில் இழுத்தால் ஒரு பலம், அதே வாக்கில் நெருக்கினால் ஏறக்குறைய அதில் பாதிதான். இதைத் தெரியாமல் வடிவமைத்தவர் கையைச் சுட்டுக்கொள்வார். பரிகாரமும் பட்டறையில்தான் இருக்கிறது: திசையைத் திருப்பித் திருப்பி அமுக்குவது, மணியை இன்னும் பொடியாக்குவது. இரண்டாவது, பொடிமணி உலோகம் நீண்ட நேரச் சூட்டில் மெல்ல இழுபடும். ஹெலிகாப்டர் கியர்பாக்ஸ் உறைக்கு வார்ப்பே சரி. அந்தச் சிக்கலான உள்வடிவத்தை அழுத்தி எடுக்கவும் முடியாது. லேப்டாப் சட்டத்துக்கும் அப்படித்தான். மூன்றாவது, செலவு. சூடான டை, மெதுவான பிரஸ், குறுகிய வெப்ப இடைவெளி எல்லாம் காசு. மெக்னீசியம் எங்கும் அடிக்கப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சஸ்பென்ஷன் கை, சக்கரம், இருக்கைச் சட்டம் போன்ற பளு தாங்கும் பாகங்களுக்கு வார்ப்பின் எண்ணைக் காட்டி மெக்னீசியத்தையே நிராகரிப்பது நியாயமில்லை என்கிறேன்.

தீப்பற்றும் என்ற பயத்துக்கு ஒரு பத்தி போதும். 1955-இல் லெ மான்ஸ் பந்தயத்தில் எலெக்ட்ரான் தகட்டால் ஆன கார் எரிந்த படம் எல்லோர் மனத்திலும் இருக்கிறது. மெல்லிய தகடும் லேத் பிசிறும் தூளும் எரியும், சந்தேகமே இல்லை. பட்டறையில் பிசிறைத் தனியாக, ஈரம் படாமல் வைக்க வேண்டும், பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தடித்த பில்லெட் ஃபோர்ஜிங் வெப்பத்தில் பற்றிக்கொள்வதில்லை. அது உருகும் அளவுக்குக் காய வேண்டும். விமான இருக்கைகளில் மெக்னீசியத்தைத் தடுத்த தரவிதியும், பெரிய அளவிலான தீச்சோதனைகளுக்குப் பின் 2015-இல் நிபந்தனைகளோடு தளர்ந்தது.

மேஸ்திரியின் கண் உதவாத இடத்தில் எதை வைத்துப் பதம் பார்ப்பது என்ற கேள்விக்கு விடை நம் ஊர்ப்பக்கமே கிடைக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒய்.வி.ஆர்.கே. பிரசாத், 1984-இல் அமெரிக்கச் சகாக்களோடு சேர்ந்து, ஓர் உலோகத்தை எந்த வெப்பத்தில் எந்த வேகத்தில் அழுத்தினால் பத்திரம், எங்கே அழுத்தினால் அறும் என்பதை ஊர்ப்படம்போல வரைந்து காட்டும் முறையைக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் மெக்னீசியக் கலவைகள் பலவற்றுக்கும் அந்தப் படங்களை வரைந்தார். என் முதல் பில்லெட் உடைந்த புள்ளியை ஏஇசட்80-க்கான அந்த மாதிரிப் படம் ஒன்றில் வைத்துப் பிறகு பார்த்தேன். ஆபத்துப் பகுதி என்று பட்டை போட்ட இடத்தின் நட்டநடுவில் போய் விழுந்தது. மதியம் செய்த வேலை பத்திரமான மேட்டில் இருந்தது. படத்தை முதலில் பார்த்திருந்தால் ஒரு பில்லெட் மிச்சமாகியிருக்கும்.

வடிவமைப்பு மேசையில் இருப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வரைபடத்தின் மூலையில் 'ஏஇசட்80' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடாதீர்கள். கடைசி அழுத்தத்தின் வெப்பம், அழுத்த வேகம், பளு வரும் திசை, பாகத்தை அறுத்துப் பார்த்தால் இருக்க வேண்டிய சராசரி மணி அளவு ஆகிய நான்கையும் அதற்குக் கீழே எழுதுங்கள். அவை இல்லாமல் வரும் விலைப்புள்ளியைத் திருப்பி அனுப்புங்கள்.